மத்ராக்காவும் கவைக்கோலும்

இதலீனாவுக்கு முப்பது வயது தாண்டும்வரை மத்ராக்கா என்ற விதை நடும் கருவியைக் கையில் எடுக்கும் பாக்கியம் கிடைக்கவில்லை. வீட்டில் ஒன்று இருந்தது. அவள் புருஷன் பெலர்மினோ நடவுக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் அதைக் கட்டில் தலைமாட்டில், மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தான். படத்தைத் துடைப்பது இதலீனாவின் வேலை. மத்ராக்காவைத் துடைப்பது அவன் வேலை. அதில் அவன் யாரையும் நம்பமாட்டான்.

பிரமாதமான சாமான் ஒன்றுமில்லை, இடுப்பு உயரத்துக்கு இரண்டு பலகை. கீழே இரண்டும் சேருகிற இடத்தில் கொக்கு மூக்குப்போல ஓர் இரும்பு அலகு. பக்கவாட்டில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் விதை மக்காச்சோளம். மேலே இருக்கும் கைப்பிடிகளை அகட்டிப் பிடித்தால் அலகு மூடிக்கொள்ளும். அப்படியே மண்ணில் குத்தி, கைப்பிடிகளை ஒன்றாகச் சேர்த்தால் அலகு வாயைத் திறக்கும். மூன்று நான்கு சோளமணி உள்ளே விழும். சேர்த்த கையோடு வெளியே இழுத்துவிட வேண்டும். பிறகு குழியைக் காலால் மூடு, ஓர் எட்டு வை, கையை அகட்டு, மறுபடி குத்து. பலகைகள் மோதுகிற சத்தம் தக், தக் என்று மேடு முழுக்கக் கேட்கும். பெரிய வெள்ளியன்று மணிக்குப் பதிலாகக் கோயிலில் மரக்கட்டை தட்டுவார்களே, அதன் பேரைத்தான் இதற்கும் வைத்திருந்தார்கள்.

காட்டை வெட்டி எரித்த நிலத்தில் அடிக்கட்டைகள் கால் வைக்கிற இடமெல்லாம் நிற்கும். அங்கே ஏரும் போகாது மாடும் போகாது. மத்ராக்காதான் ராஜா. பெலர்மினோ அந்த ராஜாவுக்கு மந்திரி என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்தான். ஒரீசோ ஓடைப் பக்கத்தில் அவன் வேகத்துக்கு ஆள் கிடையாது என்பதும் உண்மைதான். வாய்வேகம் அந்தக் கைவேகத்தில் பாதியோடு நின்றிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

அங்கே நடவு என்றால் கூட்டு வேலை. இன்றைக்கு உன் நிலம், நாளைக்கு என் நிலம். நிலத்துக்காரன் சோறும் பயறும் வறுத்த பன்றித்தோலும் கரும்புச் சாராயமும் போட வேண்டும், இருட்டினதும் கிதாரோடு ஆட்டமும் வைக்க வேண்டும். எல்லாரும் மேட்டின் அடியில் வரிசை பிடித்து ஒன்றாக ஏறுவார்கள். கெட்டிக்காரனுக்கு முதல் வரிசை. கடைசியாக மேலே வந்து சேருகிறவன் இடுப்பில் ஒரு பசு வாலைக் கட்டிவிடுவார்கள். ஆட்டம் முடிகிறவரை அவன் அதோடு திரிய வேண்டும். ஒரு தடவைகூட வால் கட்டாத ஆண்பிள்ளை அந்த ஊரில் பெலர்மினோ ஒருவன்தான்.

முந்தைய வருஷம் பெலர்மினோவின் நிலத்து நடவில் கடைசியாக வந்தவன் கிளாரிந்தோ. இதலீனாவின் மகள் தோனிக்காவுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவால் இவர்கள் இருவருக்கும் அவன் கொம்பாத்ரே, அவனுக்கு இதலீனா கொமாத்ரே. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு, சொன்ன வார்த்தை தப்பக் கூடாதே என்று எழுந்து வந்திருந்தான் மனுஷன். வாலைக் கட்டியதோடு பெலர்மினோ விட்டிருக்கலாம்.

"வாலை வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிரு கொம்பாத்ரே. அடுத்த வருஷமும் உனக்குத்தான். வீண் அலைச்சல் எதுக்கு?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். கிளாரிந்தோ வாலை அவிழ்த்தான், அடுப்பு நெருப்பில் எறிந்தான், போட்டிருந்த சோற்றைத் தொடாமல் போய்விட்டான். வேலை செய்த இடத்தில் சாப்பிடாமல் போவது அந்த ஊரில் செருப்பால் அடிப்பதற்கு ஒரு படி மேல். அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தில் சேர்ந்து நின்றவர்கள் எதிரெதிரே பார்த்தால் தோத்திரம் சொல்லாமல் போனால் பாவம். அதனால் வழியில் சந்தித்தால் கிளாரிந்தோ தொப்பியைக் கழற்றி, ஏதாவதொரு மரத்தைப் பார்த்து, "சேசுநாதருக்குத் தோத்திரம்" என்பான். பெலர்மினோ வானத்தைப் பார்த்து, "என்றென்றைக்கும்" என்பான். மரமும் வானமும் ஒரு வருஷமாகச் சிநேகமாக இருந்தன.

இப்படி இருக்கும்போதுதான் ஜத்தோபா மேட்டுக்கு ஆபத்து வந்தது. மேடு லியோனிதாஸ் என்ற பெரிய பண்ணைக்காரருடையது. பெலர்மினோவும் இதலீனாவும் அதை விளைச்சலில் பாதிக்குப் பாதி என்ற வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். அவர்கள் குடிசை மேட்டின் அடிவாரத்தில், ஓடைக்குச் சற்று மேலே இருந்தது. அந்த வருஷம் லியோனிதாஸுக்கு மேய்ச்சல் நிலத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. ஆனாலும், மண்ணில் விழுந்த விதைமேல் மாட்டை விடக் கூடாது என்பது அந்தப் பள்ளத்தாக்கின் கட்டு. அதை மீறினால் அவர் வீட்டு வாசலில் ஒரு மாடு மேய்ப்பவன்கூட நிற்கமாட்டான். சொன்ன சொல் தவறாதவர் என்று பேர் வாங்கவும் அவருக்கு ஆசை இருந்தது. அதனால் குதிரைமேல் இருந்தபடியே கணக்காகப் பேசினார்.

"கல்லறைத் திருநாள் வரைக்கும் டைம். முழு மேடும் நட்டிருந்தா அறுவடை வரைக்கும் நான் இந்தப் பக்கம் தலை வைக்கமாட்டேன். ஒரு துண்டு நடாம கிடந்தாலும் மறுநாள் காலையில என் மாடு அதுல இறங்கும். அப்புறம் அது எங்க நிக்கும், எதைத் திங்கும்னு என்கிட்ட வந்து கேக்காதீங்க."

நடுவில் வேலி ஏது? ஒரு துண்டில் மாடு இறங்கினால் மொத்தமும் போனதுதான். நிலம் போனால் குடிசையும் போகும். இதலீனாவின் தங்கை இப்படித்தான் நிலத்தை விட்டு டவுனுக்குப் போய், செங்கல் சூளையில் இருமிக்கொண்டிருந்தாள். அங்கே போவதில்லை என்று இதலீனா அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள்.

அந்த வருஷம் மழை வேறு தாமதம். மழை வருமுன் சோளக் களஞ்சியத்துக் கூரையைச் சரி செய்கிறேன் என்று ஏறிய பெலர்மினோ, ஏறின வேகத்தைவிட அதிக வேகத்தில் இறங்கினான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. நாட்டு வைத்தியன் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, "இந்தக் கால் தரையில பட்டுச்சோ, ஆயுசுக்கும் நொண்டிதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது.

இதலீனா கிளாரிந்தோவிடம் போனாள். அவன் நுகத்தடிக்குத் தோல் வார் கட்டிக்கொண்டிருந்தான்.

"கொம்பாத்ரே, மேடு போகப் போகுது. ஆளுங்களைக் கூட்டிட்டு ஒரு நாள் வா."

"உன் மேல எனக்குக் கோவம் இல்ல கொமாத்ரே. தோனிக்கா எம் புள்ள மாதிரி. ஆனா கூப்பிடற வார்த்தை அவன் வாயில இருந்து வரட்டும். ஊரே கேக்க என்னைப் பாத்துச் சிரிச்ச வாய்தானே? அதே வாய் என்னைக் கூப்பிடட்டும்."

அவள் திரும்பி வந்து புருஷனிடம் சொன்னாள். பெலர்மினோ கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"நானா? சோத்தைத் தள்ளிட்டுப் போனவனையா? நான் செத்தாலும் கூப்பிட மாட்டேன்."

"நீ செத்தா அவன் வருவான்யா, தூக்கறதுக்கு. அதுவரைக்கும் நான் என்ன செய்ய?" என்றாள் இதலீனா. "ரெண்டு பேரும் நல்லா இருங்க. உங்க ரோஷத்தை அவிச்சு எம் புள்ளைக்குக் குடுக்கறேன். திம்பா."

கட்டிலில் ஏறி நின்றாள். மாதாவுக்கு ஒரு சிலுவை போட்டாள். பக்கத்து ஆணியிலிருந்து மத்ராக்காவை எடுத்தாள்.

"ஏய், அது பொம்பளைங்க சாமான் இல்ல! அலகு அடைச்சுக்கும்!"

"அடைச்சா எடுத்து விடறேன். உன் வாயை அடைக்கத்தான் ஒண்ணும் கிடைக்கல."

பத்து வருஷமாக அவன் பின்னால் களை கொத்தியவள். அவன் எப்படிக் குத்துகிறான் என்று கண் பழகியிருந்தது, கைதான் பழகவில்லை. முதல் நாள் குத்தின கையோடு அகட்டினாள், மண் ஏறியது. அகட்டாமல் குத்தினாள், அலகு நிலத்துக்கு மேலேயே சோளத்தைக் கொட்டியது, கோழிகள் நன்றி சொல்லித் தின்றன. வீட்டுக்குள்ளிருந்து பெலர்மினோ காதாலேயே மேற்பார்வை பார்த்தான்.

"சத்தம் சரியில்ல! சோளம் உருள்ற சத்தம் முதல்ல வரணும், அப்புறந்தான் தக்! நீ குத்தறது காலிப் பெட்டி!"

அவளுக்கு எரிச்சலாக இருந்தது, ஆனாலும் காதைத் தீட்டிக் கேட்டாள். அவன் சொன்னது சரிதான். தகரப் பெட்டிக்குள் ஒரு சர், அதற்குப் பிறகு ஒரு தக். சர் இல்லாத தக் பொய். அதைத் தெரிந்துகொண்டபின் வேலை ஓடியது. உள்ளங்கை கொப்புளித்தது, உடைந்தது, துணி சுற்றிக்கொண்டாள். மழை விட்ட நேரமெல்லாம் மேட்டில்தான் இருந்தாள். சோறு வடிக்க இறங்குவாள், வடித்ததும் ஏறுவாள்.

வழியில் போகிற மாட்டுவண்டிக்காரன் ஒருத்தன் கத்தினான்: "என்ன இதலீனாம்மா, உங்க வீட்ல கோழி கூவுது, சேவல் அடைகாக்குதாமே?"

"சேவல் காத்தா குஞ்சு வராது. கோழி கூவினா பொழுது விடியும். நீ வண்டியைப் பாத்து ஓட்டு, பள்ளத்துல விட்டுராத!"

ஒரு தப்பு மட்டும் செய்தாள். எல்லாரும் மேட்டின் அடியில் தொடங்கி மேலே ஏறுவார்கள். பெலர்மினோவும் அதைத்தான் சொன்னான். அவன் சொன்னான் என்பதற்காகவே அவள் மேலே, ஜத்தோபா மரத்தடியில் தொடங்கிக் கீழே இறங்கினாள். மாடு மேல்வாசல் வழியாகத்தானே வரும், அங்கே முதலில் நட்டுவிடுவோம் என்று ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டாள். கீழே ஓடையோரம் இருந்தது களிமண். மழை பெய்யப் பெய்ய அது ஊறிப் பிசுபிசுத்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. ஊரார் கீழிருந்து தொடங்குவது களிமண் காய்ந்திருக்கும்போதே அதை முடித்துவிடத்தான். அந்தக் காரணத்தைப் பெலர்மினோவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னான்.

கல்லறைத் திருநாள் வந்தபோது அந்த ஓடையோரத் துண்டு மட்டும் பாக்கி. காலையில் ஊரே கறுப்பு உடுத்தி மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போயிற்று. தோனிக்காவை அவர்களோடு அனுப்பிவிட்டு, செத்தவர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இதலீனா கீழே இறங்கினாள். இரவெல்லாம் பெய்த மழை தூறலாகக் குறைந்திருந்தது. வேகமாகக் குத்தினாள். தக், தக், தக். இன்னும் கொஞ்சந்தான், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த அவசரத்தில் சர் வருகிறதா என்று அவள் கேட்கவில்லை.

பெலர்மினோ கேட்டான். அதாவது, சர் வரவில்லை என்பதைக் கேட்டான். படுத்திருந்த நாட்களில் அவன் தனக்கொரு கவைக்கோல் செய்துகொண்டிருந்தான். கொய்யாக் கிளை, மேலே கக்கத்துக்கு ஒரு கவை. ஈர முற்றத்தில் வழுக்குகிறதென்று அடியைக் கூராகச் சீவியிருந்தான். அதைக் கக்கத்தில் கொடுத்து வாசலுக்கு வந்தான்.

"நிறுத்து! நிறுத்து! வெறும் சத்தம் வருது! பெட்டியைப் பாரு!"

இதலீனா பெட்டியைப் பார்த்தாள். காலையில் நிரப்பியபடி சோளம் அப்படியே இருந்தது. அலகைத் திருப்பிப் பார்த்தாள். ஆரம்பத்திலேயே களிமண் ஏறி, கல்லாக அடைத்திருந்தது. காலையிலிருந்து நட்ட வரிசை ஒவ்வொன்றும் காலி. கத்தியால் நோண்டி எடுத்தாள். நாலு குத்துக்கு மறுபடி அடைத்தது. துடைத்தாள், குத்தினாள், அடைத்தது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மத்ராக்காவைச் சேற்றில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தங்கையின் இருமல்தான் காதில் கேட்டது.

பெலர்மினோவுக்கு அந்த அழுகை தாங்கவில்லை. பத்து வருஷத்தில் அவள் அப்படி அழுது அவன் பார்த்ததில்லை. வைத்தியன் சொன்னதை மறந்து, ஒற்றைக் காலும் கோலுமாகச் சரிவில் இறங்கினான். ஒவ்வொரு எட்டுக்கும் கோல் களிமண்ணில் சாண் ஆழம் இறங்கியது. பிடுங்குவதற்குள் உயிர் போயிற்று. பிசாசையும் மழையையும் கூரையையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே வந்தான்.

இதலீனா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவனை அல்ல, அவன் பின்னால் பார்த்தாள். கோல் ஊன்றின இடமெல்லாம் குழி. உருண்டையாக, சுத்தமாக, ஓரம் இடியாமல். ஒன்றில்கூட மண் சரியவில்லை.

"அங்கயே நில்லு," என்றாள். "இன்னொரு தடவை ஊனு. இவ்வளவு ஆழம் வேணாம். பாதி போதும்."

அவன் ஊன்றி எடுத்தான். அவள் எழுந்து வந்து, பெட்டியிலிருந்து நாலு மணியை எடுத்து அந்தக் குழியில் போட்டுக் குதிகாலால் மூடினாள். பிறகு பெட்டிச் சோளம் முழுவதையும் மடியில் கொட்டிக்கொண்டாள். அப்போதுதான் பெலர்மினோவுக்குப் புரிந்தது.

"ஐயோ, வேணாம் இதலீனா. குச்சி நடவா? மத்ராக்கா இல்லாத காலத்துல பாட்டன் பூட்டன் செஞ்சது. பெலர்மினோ குச்சியால குத்தறான்னு ஊரு பாத்தா..."

"ஊரு கல்லறைக்குப் போயிருக்கு. குத்து."

"கால்?"

"கால் போனா நொண்டி. நிலம் போனா சூளை. எது வேணும் சொல்லு."

அவன் குத்தினான். கோலைக் குத்து, அதில் சாய்ந்து ஒற்றைக் காலால் தத்து, பிடுங்கு, மறுபடி குத்து. கட்டுப் போட்ட கால் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தது. அவள் பின்னாலேயே குனிந்து விதை போட்டு மிதித்து வந்தாள். காலையில் காலியாகக் குத்திய வரிசைகளின் மேலேயே புதுக்குழிகள் விழுந்தன. வரிசை நேராக இல்லை. குடித்தவன் நடந்த தடம் அதைவிட நேராக இருக்கும். விழுந்துவிடுவான் போலிருந்த இடத்தில் அவள் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வலி தாங்காமல் அவன் உதட்டைக் கடித்தான், ரத்தம் வந்தது.

சாயங்காலம் ஊர் கல்லறையிலிருந்து திரும்பியது. வேலியோரம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கூட்டத்தில் கிளாரிந்தோவும் தோனிக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பழக்கப்படி தொப்பியைக் கழற்றி மரத்தைப் பார்த்து, "சேசுநாதருக்குத் தோத்திரம்" என்றான். பெலர்மினோவுக்கு வானத்தைப் பார்க்க நேரமில்லை. தரையைப் பார்த்துக் குத்திக்கொண்டே, "என்றென்றைக்கும்" என்றான். கிளாரிந்தோ அவள் குழியில் விதை போடுவதைப் பார்த்தான். பிறகு பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

வெளிச்சம் போகிற நேரத்தில் கடைசிக் குழி ஓடைக் கரையைத் தொட்டது. அதன்பின் பெலர்மினோவால் ஓர் எட்டு வைக்க முடியவில்லை. இதலீனா அவனை முதுகில் தூக்கிக்கொண்டு குடிசைக்கு ஏறினாள். மத்ராக்காவை மறக்காமல் எடுத்துவரும்படி அவன் முதுகிலிருந்தபடியே அதிகாரம் செய்தான்.

காலையில் மாடுகள் மேல்வாசலில் வந்து நின்றன. மேய்ப்பவர்கள் பின்தொடர, லியோனிதாஸ் குதிரையில் முன்னால் வந்தார். மேல் நிலத்தில் முளை விட்டிருந்ததைப் பார்த்துத் தலையசைத்தார். கீழே ஓடையோரத் துண்டுக்கு வந்ததும் குதிரையை நிறுத்தினார். மிதித்துக் குழப்பின சேறுதான் தெரிந்தது.

"இது என்ன? பன்னி புரண்ட இடமா?"

"நட்டிருக்கு ஐயா," என்றாள் இதலீனா.

"யாரு நட்டா? உன் புருஷன் கட்டில்ல கிடக்கறான். குழி தோண்டி வெச்சா நடவாயிருமா?"

வழியில் கிளாரிந்தோவின் மாட்டுவண்டி கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. லியோனிதாஸ் அவனைக் கை தட்டிக் கூப்பிட்டார். இரண்டு வீட்டுக்கும் ஆகாது என்று அவருக்குத் தெரியும். விதை இல்லை என்று ஊர்க்காரன் ஒருவன் வாயாலேயே வந்துவிட்டால் பிறகு யாரும் பேச முடியாதே.

"கிளாரிந்தோ, நீ சொல்லு. இதுல விதை இருக்கா இல்லையா? மாடு மேய்க்கறவங்க எல்லாரும் பாத்துக்கங்க."

கிளாரிந்தோ இறங்கி வந்தான். குனிந்து, கண்ணில் பட்ட ஒரு குத்தை விரலால் கிளறினான். ஒன்றுமில்லை. பக்கத்தில் இன்னொன்று. அதிலும் இல்லை. லியோனிதாஸ் மீசையைத் தடவிக்கொண்டார். குடிசை வாசலில் கோலைப் பிடித்து நின்ற பெலர்மினோவின் முகம் வெளுத்துவிட்டது. இந்த மனுஷன் இரண்டோடு நிறுத்திக்கொண்டால் போதும், ஒரு வருஷப் பகைக்குப் பழி தீர்ந்துவிடும். இதலீனாவுக்கு அது தெரிந்தது. ஓடிப்போய்ச் சேற்றில் அவன் பக்கத்தில் குந்தினாள்.

"கொம்பாத்ரே, மூடினாலும் தடம் தெரியும் பாரு. கீறினாப்பல நீளமா இருக்கறது மத்ராக்கா குத்தினது. அது காலி, நான் மறைக்கல. உருண்டையா இருக்கறது என் புருஷன் கோல் குத்தினது. அதைத் தோண்டு. நேத்து நீயே நின்னு பாத்த."

கிளாரிந்தோ அவள் முகத்தைப் பார்த்தான், துணி சுற்றின கையைப் பார்த்தான். உருண்டைக் குழி ஒன்றைத் தோண்டினான். ஈரத்தில் ஊறிப் பருத்த நாலு மணி. தள்ளிப் போய் இன்னொன்றைத் தோண்டினான். மூன்று மணி. ஓடைக் கரையில் கடைசிக் குழியைத் தோண்டினான். ஐந்து.

"கொமாத்ரேக்குக் கை தாராளம்," என்றான். உள்ளங்கையில் வைத்து, லியோனிதாஸுக்கு அல்ல, மாடு மேய்க்கிறவர்களுக்குக் காட்டினான். "விதை விழுந்திருக்கு."

"உனக்கும் அவனுக்கும் பேச்சில்லைன்னாங்க?"

"இல்லதான் ஐயா. அதனாலதான் சொல்றேன். விழுந்திருக்கு."

ஐந்து மணியையும் திரும்பக் குழியில் போட்டு, குதிகாலால் மூடிவிட்டு வண்டி ஏறினான். மேய்ப்பவர்களில் மூத்தவன் யார் உத்தரவுக்கும் காத்திராமல் மேலே போய் மாடுகளைத் திருப்பினான். லியோனிதாஸுக்குச் சொன்ன சொல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவரும் போனார்.

அந்த வருஷம் ஓடையோரச் சோளம் வளைந்து நெளிந்து வளர்ந்தது. நொண்டிச் சோளம் என்று ஊர் பேர் வைத்தது. கதிர் என்னவோ மேட்டுச் சோளத்தைவிடக் கனம். பாதிப் பங்கு தன் களஞ்சியத்தில் வந்து குவிந்ததைப் பார்த்த லியோனிதாஸ், மேய்ச்சல் ஆசையை வேறு மேட்டுக்கு மாற்றிக்கொண்டார். பெலர்மினோவுக்கு எலும்பு கோணலாகச் சேர்ந்தது. வைத்தியன் சொன்னது பலித்துவிட்டது. அதற்காக அவன் ஒரு நாளும் இதலீனாவைக் குறை சொல்லவில்லை. மத்ராக்கா கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்து ஆணிக்கு மாறியது, துடைப்பதும் அவள்தான்.

அடுத்த மழைக்கு, விடிந்தும் விடியாத நேரத்தில் குடிசைக்கு முன்னால் வாணவெடிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் பதினைந்து இருபது மத்ராக்காக்கள், முன்னால் கிளாரிந்தோ. யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்திருந்தார்கள்.

"முதல் வரிசை யாருக்கு?" என்று ஒருவன் கேட்டான்.

"இது என்ன கேள்வி? கொமாத்ரேக்கு," என்றான் கிளாரிந்தோ.

இந்தத் தடவை கீழிருந்து, களிமண்ணிலிருந்து தொடங்கினார்கள். இதலீனா முன்னால் போனாள். சர், தக். சர், தக். பின்னால் வந்த ஆண்பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியது. பெலர்மினோ இரவல் மத்ராக்கா ஒன்றோடு நொண்டிக்கொண்டே எல்லாரும் வந்த பிறகு, கடைசிக்கும் கடைசியாக ஜத்தோபா மரத்தடிக்கு வந்து சேர்ந்தான். எல்லாரும் எங்கேயோ பார்த்தார்கள்.

"வால் எங்க?" என்றான் பெலர்மினோ.

"அதை நெருப்புல போட்டாச்சே," என்றான் கிளாரிந்தோ மரத்தைப் பார்த்து.

பெலர்மினோ தோள் பையில் கை விட்டான். ஒரு புது வாலை வெளியே எடுத்தான். உப்புப் போட்டுப் பதப்படுத்தி, நுனி மயிரைச் சீவிக்கூட வைத்திருந்தான். இதலீனாவுக்கே தெரியாமல் எப்போது செய்தானோ. மரத்தையும் வானத்தையும் விட்டுவிட்டுக் கிளாரிந்தோவின் முகத்தைப் பார்த்தான்.

"கட்டு கொம்பாத்ரே. அன்னிக்குக் காய்ச்சல்காரனுக்குக் கட்டினேன். தப்பு என்னுது. இறுக்கிக் கட்டு."

கிளாரிந்தோ குனிந்து கட்டினான். கட்டி முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். நிமிர்ந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. பிறகு கீழே போனார்கள். இதலீனா தட்டில் சோறு போட்டு, பயறு ஊற்றி, முதலில் அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இன்னும் போடு கொமாத்ரே," என்றான். "அன்னிக்கு விட்டுட்டுப் போன சோறும் பாக்கி இருக்கு."